படைப்பு ஆச்சியின் முகம்

இப்போதெல்லாம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்தால் முகங்கள் வருகின்றன. எல்லாம் ஓவியச் சட்டத்துக்குள் இருந்த முகங்கள். மூக்குத்தி போட்ட ஆச்சிகள், சரிகைத் தலைப்பாகை வைத்த ஜமீன்தார்கள், வெண்ணெய்க் குடத்தில் கைவிட்ட கிருஷ்ணன்கள். ஒரு காலத்தில் என் மேசையில் மல்லாந்து கிடந்தவர்கள். ஒருவரும் பேசுவதில்லை. எங்கேயோ பார்த்த ஆளாயிற்றே என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு மெல்ல மங்கிப் போகிறார்கள். விழித்தால் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும், காப்பிக்கு நேரமாகியிருக்கும்.

போன மாதம், நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு பெண்கள் காரைக்குடியில் என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் புதிதாக வந்த கருவி. தலைமுடி காயவைக்கும் கருவி அளவுதான் இருந்தது. ஓவியத்தின் மேல் நீட்டி விசையை அழுத்தினால், எந்த வண்ணத்தில் என்ன உலோகம் இருக்கிறது என்று திரையில் சொல்லிவிடுமாம். என் வீட்டுக் காலண்டர் முருகனை நீட்டிப் பார்த்துவிட்டு அவரிடம் டைட்டானியம் இருப்பதாகச் சொன்னார்கள். முருகன் ஒன்றும் சொல்லவில்லை.

"மேடம், புகைப் பொன்னுச்சாமி காலத்துல இது இருந்திருந்தா ஒரு நிமிஷத்துல பிடிச்சிருக்கலாமே?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போயும் விட்டது.

"பிடிச்சிருக்கலாம்டி. பிடிச்சுட்டு அப்புறம் என்ன பண்ணியிருப்பீங்க?" என்றேன். இரண்டு பேரும், எழுதிக் கொடுங்கள் மேடம் என்றார்கள். அதனால் எழுதுகிறேன். நான் கொஞ்சம் வாய்க்காரி. பேச்சு அங்கேயும் இங்கேயும் போகும்.

நான் புதுவயல்காரி. அப்பாவுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. வீட்டைச் சுற்றி அரிசி ஆலைகள். ரசாயனம் படித்தேன், அரசு ஆய்வுக்கூடத்தில் ஓவியப் பிரிவில் உதவியாளர் வேலை கிடைத்து மதுரைக்குப் போனேன். வெள்ளைக் கோட்டைப் பார்த்து டாக்டர் என்று நினைத்து, முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்ட சொந்தக்காரர்கள் உண்டு. முதல் சில வருடங்கள் குப்பி கழுவினேன், கண்ணாடித் தகடு துடைத்தேன், வாயை மூடிக்கொண்டு இருக்க மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

எங்கள் மேலதிகாரி ஞானப்பிரகாசம் சார். நெட்டையான மனிதர், நடந்தால் சத்தம் கேட்காது. நீதிமன்றமோ காவல்துறையோ ஓர் ஓவியத்தை அனுப்பினால் அவர் படத்தின் முகத்தைப் பார்க்க மாட்டார். அப்படியே குப்புறப் போட்டு முதுகைத்தான் பார்ப்பார். சட்டத்து மரம், ஆணி, துணியின் இழை, ஓரத்து அழுக்கு எல்லாவற்றையும் தடவிக்கொண்டே, "வாங்கம்மா. எங்கே வலிக்குது?" என்று ஓவியத்திடம் கேட்பார். பக்கத்தில் அமைச்சரே நின்றாலும் கேட்பார். முதல் தடவை கேட்டபோது என்னிடம்தான் கேட்கிறார் என்று நினைத்து, "எனக்கு ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லித் தொலைத்தேன்.

முதுகு முடிந்ததும் முகம். பக்கவாட்டில் விளக்கை வைத்து மேடு பள்ளம் பார்க்க வேண்டும். பிறகு இருட்டறையில் ஊதா விளக்கு. அந்த வெளிச்சத்தில் பழைய மெருகெண்ணெய் பச்சையாகப் பூத்து நிற்கும். பிற்பாடு வண்ணம் தொட்ட இடம் மட்டும் கறுப்பாகத் தெரியும். அந்த அறையில் நின்றால் குளத்துக்கு அடியில் நிற்கிற மாதிரி இருக்கும், நேரம் போவதே தெரியாது. கடைசியில்தான் ஊசி முனையளவு வண்ணத்தைக் கீறி எடுத்து நுண்ணோக்கியில் வைப்போம். பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். எந்த அடுக்கில் என்ன வண்ணம் என்று எழுதிக்கொள்வோம்.

சார் தன் வாயால் 'போலி' என்று ஒருநாளும் சொன்னதில்லை. "சொன்ன வயசைவிட இளையது" என்பார். சாட்சிக் கூண்டில் அவர் நிற்கும்போது வழக்கறிஞர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். நான் ஒருமுறை கேட்டேவிட்டேன். "வரைஞ்சவன் ஒழுங்காத்தானே வரைஞ்சிருக்கான் இந்திராம்மா? விக்கிறவன் பொய் சொன்னா அதுக்குப் படத்தை ஏன் திட்டணும்?" என்றார். மனுஷனுக்குக் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பொன்னுச்சாமிக்கு வருகிறேன். ஒரு காலகட்டத்தில் எங்களிடம் விசித்திரமான படங்கள் வர ஆரம்பித்தன. ஒன்று தஞ்சாவூர் அரண்மனையில் இருந்தது என்றார்கள்; ஒன்று மைசூர் என்றார்கள்; ஒன்று பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது என்றார்கள். வெளிநாட்டில் ஏலத்துக்குப் போய்த் திரும்பியவையும் இருந்தன. எல்லாம் பார்க்கப் பழசு. மெருகு விரிசல் விட்டிருந்த அழகும் ஈ எச்சமும் மூலையில் கறையான் அரித்த பொடியும் அப்படியே இருந்தன. ஆனால் சாருக்கு உறுத்தியது. "இவங்க எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரி இருக்காங்களே," என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு மழை நாளில் ஜன்னலையெல்லாம் சாத்தி வைத்திருந்தோம். மேசையில் அந்த மைசூர் மகராசி. நான் குனிந்து ஓரத்து அழுக்கைச் சுரண்டும்போது சட்டென்று எனக்குப் பசித்தது. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு ஓடுகிற நேரத்துப் பசி. பாவாடை சட்டையோடு எங்கள் ஊர்த் தெருவில் நிற்கிறேன்; லாரிகள் நிற்கின்றன; அவித்த நெல்லின் ஆவி; அதற்கடியில் இன்னொரு வாசனை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது.

"சார், இது மைசூர் இல்ல. எங்க ஊரு. உமிப் புகை" என்றேன்.

சார் சிரிக்கவில்லை. மூக்கைக் கொண்டுவந்து படத்தில் வைத்தார். அலமாரியில் இருந்த மற்ற படங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தோம். அடேயப்பா, தஞ்சாவூர், மைசூர், பர்மா எல்லாமே புதுவயலில்தான் இருந்தன.

காவல்துறை தேடிப் போனது. மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால் பொன்னுச்சாமியின் பட்டறை. செய்முறையை அடையாளம் காட்ட எங்களையும் அழைத்துப் போனார்கள். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார். விலங்கு மாட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"மோந்து பாத்துக் கண்டுபிடிச்சவுக நீங்கதேனா தாயி? வெள்ளைக்காரனெல்லாம் கண்ணாடி வச்சுப் பாத்துட்டுப் போயிட்டான். எம் புகையை எவனும் மோந்து பாக்கலை" என்றார். கைதான ஆளுக்குச் சந்தோஷம் பொங்கி வழிந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவரே எல்லாவற்றையும் விளக்கினார். இன்ஸ்பெக்டர் போதும் என்றாலும் நிறுத்தவில்லை. இடிக்கிற வீடுகளில் பழைய துணி, பழைய சட்டம், துருப்பிடித்த ஆணி வாங்குவார். வரைந்து காய்ந்ததும் சப்பாத்திக் கட்டையில் சுற்றிச் சுற்றி விரித்தால் வண்ணம் மெல்லிசாக வெடிக்கும். வெடிப்புக்குள் சாயப்பொடியும் புழுதியும். ஈ எச்சத்துக்குக் கருப்பட்டிப் பாகு, துடைப்பக் குச்சியின் நுனியால். கடைசியில் உமி மூட்டத்துக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுவிட வேண்டும். "அவசரப்படக் கூடாது தாயி. அதுபாட்டுக்குத் தொங்கட்டும். நாம நம்ம சோலியைப் பாக்கணும்" என்றார். நான் என்னையறியாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். சார் அவருடைய தூரிகைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்திரிகைகளில் அவர் படம் வந்தது. 'புகை' என்ற பட்டம் அப்போது ஒட்டியதுதான். காரைக்குடி டீக்கடைகளில் அவரைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. பாதிப்பேர் திட்டினார்கள்; பாதிப்பேர் தங்கள் மாமன் மச்சான் என்றார்கள். சிறைக்குப் போனார், வந்தார், மறுபடியும் வரைந்தார், மறுபடியும் போனார். ஒவ்வொரு முறையும் மோப்பம் பிடிக்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. பிறகு அவருக்கு வயதாகிவிட்டது, ஒடுங்கிவிட்டார் என்றார்கள். அப்புறம் வந்ததுதான் படைப்பு ஆச்சி வழக்கு.

சாக்கோட்டைப் பக்கம் ஓர் ஊர், பேர் வேண்டாம். அங்கே ஒரு பெரிய செட்டியார் வீடு. பல பங்காளிகளுக்குச் சொந்தம். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு சாவி. உள்கட்டில் மேற்குச் சுவரில் ஓர் ஓவியம் மட்டும் எல்லோருக்கும் பொது. அந்தக் குடும்பத்து முன்னோர், வள்ளியம்மை ஆச்சி. பர்மாவில் ஒரு வெள்ளைக்காரன் வரைந்தது என்பார்கள். காசுமாலையும் கழுத்து நிறைய நகையுமாக உட்கார்ந்திருப்பார். வருடத்துக்கு ஒருமுறை பங்காளிகள் எல்லோரும் எங்கிருந்தாலும் வந்து கூடி, சமைத்து, புதுச் சேலை வைத்து அவருக்குப் படைப்பார்கள். விழுந்து கும்பிடுவார்கள். வீட்டு மூத்த மருமகள் ஓவியத்தின் நெற்றியிலேயே குங்குமம் வைப்பார். அதனால்தான் படைப்பு ஆச்சி என்று பெயர். ஓவியம் இருந்த கட்டின் சாவி முறை வைத்துக் கைமாறும். அந்தச் சமயம் சாவி மீனாட்சி ஆச்சியிடம் இருந்தது. கணவர் இல்லை, பிள்ளை இல்லை. அவ்வளவு பெரிய வீட்டில் தனியாகக் குடியிருந்தவர் அவர் ஒருவர்தான்.

சென்னையில் ஒரு வியாபாரியிடம், வெளிநாட்டுக்குக் கட்டித் தயாராக இருந்த ஓர் ஓவியத்தைக் காவல்துறை பிடித்தது. படம் பத்திரிகையில் வந்தது. பங்காளிகள் பார்த்தார்கள். அதே ஆச்சி, அதே காசுமாலை, அதே முகம். பங்காளிகளில் மூத்தவர் ராமநாதன் செட்டியார் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தார். அங்கேயும் ஆச்சி இருந்தார். அப்படியென்றால் அசலை விற்றுவிட்டு நகலை மாட்டியது யார்? சாவி யாரிடம் இருக்கிறது? அவ்வளவுதான், பழி மீனாட்சி ஆச்சியின் தலையில் இறங்கியது. வள்ளியம்மை ஆச்சியையே விற்றவளுக்குப் படைப்பில் இடமில்லை, அறைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று பேசி வைத்துவிட்டார்கள். ஆய்வறிக்கை வருவதற்குத்தான் காத்திருந்தார்கள்.

சென்னையில் பிடித்த ஓவியம் முதலில் எங்கள் மேசைக்கு வந்தது. முகர்ந்தேன், உமிப் புகை. பொன்னுச்சாமியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஆமாம், தான் வரைந்ததுதான், தன் வீட்டில் மாட்டியிருந்தது, தான் படுக்கையில் கிடந்தபோது மகன் தெரியாமல் விற்றுவிட்டான் என்றார். வீட்டில் இருக்கும் ஓவியம்? "எனக்குத் தெரியாது. அதை நான் வரையலை" என்று சாதித்தார்.

அதனால் நாங்கள் அந்த வீட்டுக்குப் போனோம். அந்தப் பகல் இன்றைக்கும் எனக்குக் கனவில் நடந்த மாதிரிதான் இருக்கிறது. வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே கட்டுக்குக் கட்டு கதவு திறக்கத் திறக்கக் குளிர்ச்சி ஏறுகிறது. மேலே வண்ணக் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சம் தரையில் சிவப்பும் நீலமுமாகக் கிடந்தது. நடக்கும்போது என் வெள்ளைக் கோட்டு சிவந்தது, நீலமானது, மறுபடி வெளுத்தது. எங்கோ புறா முனகியது. கடைசியில் அந்தச் சுவர். படைப்பு ஆச்சி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தனையோ முகங்களைப் பார்த்தவள் நான். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. அவ்வளவு நகைக்கு நடுவில், அப்போதுதான் வேலையை முடித்துவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்த பெண்ணின் முகம் அது. களைப்பு இருந்தது, களைப்புக்குள் ஏதோ சிரிப்பும் இருந்தது.

சார் வழக்கம்போல முதுகைப் பார்க்கப் போனார். ராமநாதன் செட்டியார் தடுத்தார். "சுவத்தை விட்டு எறக்கக் கூடாது. சட்டத்தைக் கழட்டக் கூடாது. எங்க அப்பச்சி காலத்துலேர்ந்து அது கட்டுப்பாடு. முன்னாடி என்ன வேணும்னாலும் பாத்துக்கிடுங்க" என்றார். முன்புறம் மட்டும் பார்த்தோம். நெற்றியில் குங்குமம் பொருக்குத் தட்டியிருந்தது. சாம்பிராணி, கற்பூரக் கரி. உமிப் புகை இல்லவே இல்லை. ஆனால் மதுரைக்குக் கொண்டுபோன வண்ணத்துளியில் வெள்ளை டைட்டானியமாக இருந்தது. பர்மா வெள்ளைக்காரன் காலத்தில் அந்த வெள்ளை கிடையாது. இரண்டு ஓவியமும் இளையவை; அசல் எங்கே போனது என்பதுதான் கேள்வி.

இதை அப்படியே எழுதினால் மீனாட்சி ஆச்சியின் கதை முடிந்தது. கரியும் குங்குமமும் ரொம்ப வருடத்துடையது, அந்த அம்மாள் கைக்குச் சாவி வருவதற்கு முன்பே இந்த நகல் சுவருக்கு வந்துவிட்டது என்று வாதாடிப் பார்த்தேன். செட்டியார் வாயைக் கோணிக்கொண்டு, "ஏம்மா, குங்குமம் கடையிலதானே விக்கிது? அந்தாளு பழசாக்குறதுலதானே பேரு வாங்குனான்?" என்றார். செட்டியார் சொன்னது தப்பில்லையே. பொன்னுச்சாமி என்று ஒருவர் பிறந்த பிறகு எந்தக் கரியையும் நம்புவதற்கில்லை.

கடைசியாக ஒருமுறை, பொன்னுச்சாமியை அந்த வீட்டுக்கு அழைத்து ஓவியத்தை நேரில் காட்டிக் கேட்பதென்று முடிவானது. ஒரு காவலரோடு வந்தார். ரொம்பத் தளர்ந்திருந்தார். தான் செய்த படத்தைப் பார்த்தால் அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வரும். நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வரவில்லை. ஓவியத்தை நிமிர்ந்து பார்க்காமல் தரையில் விழுந்த நீல வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உண்மையைச் சொல்லிருங்கண்ணே. நீங்கதானே?" என்றேன்.

"நான் இல்ல தாயி."

"மீனாட்சி ஆச்சியை வீட்டை விட்டு அனுப்பப் போறாங்க."

"என்னைய விட்ருங்க தாயி" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருடம் பெருமையடித்தாயே, ஒரு நல்ல காரியத்துக்கு வாய் திறக்க மாட்டாயா என்று கத்திவிட்டேன். சார் என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

அப்போது மீனாட்சி ஆச்சி வந்தார். பொன்னுச்சாமிக்குக் குடிக்க ஒரு செம்பில் மோர் கொண்டுவந்திருந்தார். தன்னைக் கெடுக்க வந்த ஆள் என்று நினைத்திருக்க வேண்டிய மனிதருக்கு!

"குடிங்க. வெயில்ல வந்திருக்கீக" என்றார். பிறகு ஓவியத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீங்க வரைஞ்சீகளோ வேற யாரும் வரைஞ்சாகளோ, எனக்கு ஒண்ணும் தெரியாது. இந்த வீட்டுக்கு வந்த நாளையிலேர்ந்து இவுக மொகத்துலதேன் முழிக்கிறேன். எங்க வீட்டுக்காரவுக போனப்ப எல்லாரும் காரியம் முடிஞ்சு அவுக அவுக ஊருக்குப் போயிட்டாக. இவுககிட்டதேன் உக்காந்து அழுதேன். இவுகளைப் போயி நான் வித்தேன்னா... வேற எது சொன்னாலும் தாங்கிக்கிருவேன்."

பொன்னுச்சாமி மெல்ல நிமிர்ந்தார். "அழுதீகளா? இவகிட்டயா?"

"ஆமா."

"என்ன சொன்னா?"

"என்ன சொல்வாக? கேட்டுக்கிட்டு இருந்தாக. நான் எந்திரிக்கிறவரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தாக."

அவர் மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். "அவ அப்படித்தேன் ஆச்சி. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருப்பா. அது எங்க ஆத்தா" என்றார்.

புறாகூட முனகுவதை நிறுத்திவிட்டது என்று நினைக்கிறேன்.

பொன்னுச்சாமி தரையில் உட்கார்ந்து சொன்னார். அவருடைய அப்பா தச்சர். அந்த வீட்டுக் கூரை வேலையில் மேலிருந்து விழுந்து இறந்துபோனார். அம்மா ராக்கம்மா அதே வீட்டின் பின்கட்டில் மாவிடிக்கவும் பாத்திரம் விளக்கவும் வந்தார். பொன்னுச்சாமி இளைஞனாகி, விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்தபோது, வீட்டுப் பெரியவர், மீனாட்சி ஆச்சியின் மாமனார், அவரை ரகசியமாகக் கூப்பிட்டார். ஓவியத்தைக் கறையான் தின்றிருந்தது. முகம் போயே போய்விட்டது. படைப்பு நெருங்கிவிட்டது. பங்காளிகள் பார்த்தால் அபசகுனம் என்று குடும்பமே சிதறிவிடும். யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கினார்.

"உடம்பு தெரிஞ்சுச்சு, நகை தெரிஞ்சுச்சு. மொகத்துக்கு நான் எங்கிட்டுப் போவேன்? பெரியவுககிட்டக் கேட்டேன். 'நல்ல மொகமா ஒண்ணு போட்ருப்பா'ன்னாக. எனக்குத் தெரிஞ்ச நல்ல மொகம் ஒண்ணுதேன் தாயி."

படைப்பன்று மறைவாக நின்று பார்த்தாராம். உள்ளே மொத்தக் குடும்பமும் விழுந்து கும்பிட்டது. பின்கட்டில் ராக்கம்மா உலக்கை போட்டுக்கொண்டிருந்தார். "அன்னைக்குத்தேன் எங் கை என்ன கைன்னு எனக்கே தெரிஞ்சுச்சு. அதுக்கப்பறம் சும்மா இருக்க முடியலை. செயிலு, கேசு எல்லாம் இதுலேர்ந்துதேன். எங்க ஆத்தாகிட்டச் சொன்னேன். 'அடப் பாவி, என்னையப் போயி அங்கன உக்கார வச்சிட்டியே'ன்னு அன்னைக்குப் பூரா சோறு திங்கலை. செத்தும் போயிட்டா. அதுக்கப்பறந்தேன் எங்க வீட்டுக்குன்னு இதே மாதிரி இன்னொண்ணு வரைஞ்சு மாட்டுனேன், அதைத்தேன் பய வித்துட்டான். வருசா வருசம் இவுக கும்புடுறாக. எனக்கு அது போதும்னு இருந்தேன். சொன்னா எறக்கிருவாகளே தாயி. அதேன் வாயைத் தொறக்கலை."

ராமநாதன் செட்டியார், "இவன் சொல்றதை எப்படி நம்புறது? பொய்யிலேயே பிழைச்சவன்" என்றார்.

"சட்டத்தைக் கழட்டுங்க. பழைய துணியைத் தூக்கி எறிய மனசு வரலை. சாமியில்ல? அடியில வச்சு, அது மேலதேன் எந் துணியை ஒட்டியிருக்கேன்."

செட்டியார் தலையசைத்தார். நானும் காவலரும் ஓவியத்தை இறக்கினோம். சார் கீழே உட்கார்ந்து, சின்னக் குறட்டால் ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கினார். எதுவும் கேட்கவில்லை, எங்கே வலிக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. பின்பலகை வந்தது. உள்ளே மக்கிப்போன பழைய துணி, சல்லடையாக அரித்திருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கையகல ஓட்டை. ஓட்டைக்குள் பொன்னுச்சாமியின் துணியின் முதுகு தெரிந்தது. அசல் வள்ளியம்மை ஆச்சி அந்த வீட்டை விட்டு எங்கும் போகவே இல்லை.

மீனாட்சி ஆச்சி தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை. செட்டியார் ஓவியத்தைத் திருப்பி, முகத்தை உற்றுப் பார்த்தார். "ராக்கம்மா," என்றார். "ஆமா. சீடை மாவு உருட்டித் தருவா. நான் சின்னப் பிள்ளையில கேப்பேன்." இத்தனை வருடம் அவருக்கு ஏன் தெரியவில்லை என்று நான் கேட்டேன்.

"பின்கட்டு ஆளு மொகத்தை யாரு தாயி நிமுந்து பாத்தா?" என்றார் பொன்னுச்சாமி.

மீனாட்சி ஆச்சி மேல் இருந்த பழி அன்றோடு போயிற்று. சென்னை வழக்கிலும் பொய் சொல்லி விற்றவன் வியாபாரிதான் என்று பொன்னுச்சாமியை விட்டுவிட்டார்கள். ஆனால் அவர் பயந்ததும் நடந்தது. மாவிடித்தவளை இனிமேலும் முன்னோர் இடத்தில் வைத்துக் கும்பிட முடியாது என்று பங்காளிகள் கூடிப் பேசினார்கள். இரண்டு துணியையும் பிரித்துத் தரச் சொல்லி எங்களுக்கு எழுதினார்கள். ஆவி காட்டி, பசையை இளக்கி, இழை இழையாக நானே பிரித்தேன். என் வேலைக் காலத்தில் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு மனசில்லாமல் செய்த வேலை வேறில்லை. சார் அறிக்கையில் பொன்னுச்சாமியின் துணியைப் பற்றி ஒரே வரிதான் எழுதினார்: வரைந்தவர் பொன்னுச்சாமி, வரையப்பட்டவர் அவருடைய தாயார். வயதைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

அடுத்த படைப்பன்று துணிகளை ஒப்படைக்க நான்தான் போனேன். முகமில்லாத பழைய துணியைச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். முன்னால் குத்துவிளக்கு. எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். முகத்துக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் குழந்தைகள் பெற்றோரைப் பார்த்தன. ராக்கம்மாவின் துணி சுருட்டி மூலையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பொன்னுச்சாமி வந்து வாங்கிப்போவதாக ஏற்பாடு.

பந்தி நடக்கும்போது பின்கட்டுக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அவர்தான். சின்ன வயதில் அம்மாவோடு வந்த வழியிலேயே வந்து நின்றார். மீனாட்சி ஆச்சி எழுந்து போனார்.

"இங்குட்டு வேண்டாம். சுத்திக்கிட்டு முகப்பு வழியா வாங்க" என்றார். ராமநாதன் செட்டியார் இலையைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பொன்னுச்சாமி முகப்பைத் தாண்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டாக நடந்து வந்தார். சிவப்பும் நீலமும் அவர் வேட்டியில் ஏறி இறங்கின. சுருட்டிய துணியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பப் போனார்.

"நில்லுங்க" என்றார் ஆச்சி. விளக்குக்கு முன்னால் அன்றைக்குப் படைத்த சேலை மடித்து வைத்திருந்தது. பக்கத்தில், யாரும் கவனிக்காத இடத்தில், இன்னொன்று இருந்தது. அரக்கு நிறக் கண்டாங்கிச் சேலை. அதை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இந்த வருசம் ரெண்டு வச்சேன். இது உங்க ஆத்தாளுக்கு."

அவர் வாங்கவில்லை. துணிச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சேலையின் ஓரத்தை மட்டும் விரலால் தடவினார்.

"எங்க ஆத்தா இந்த வீட்ல வருசா வருசம் சேலை வாங்கியிருக்கா ஆச்சி. எல்லாம் உடுத்திக் கழிச்சது." மறுபடியும் ஓரத்தைத் தடவினார். "இது புதுசா?"

"புதுசுதேன். இன்னும் மடிப்புக் கலையலை பாருங்க" என்றார் ஆச்சி.

பொன்னுச்சாமி செருப்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார்.